நாற்பது மஞ்சள் மூடிகள்

மதிப்பீட்டுக்கு வருகிற பெண் பத்து மணிக்கு வருவாள் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கே வந்து வாசலில் நின்றாள். சீக்கிரம் வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தாமதமாக வந்தால் நாலு வார்த்தை முணுமுணுக்கலாம். சீக்கிரம் வந்தவளை என்ன சொல்லி முணுமுணுப்பது? நான் தலையில் வலைத்தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் தரை துடைக்கிற கட்டையோடு அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

"டிஜிட்டல் தயார்நிலை மதிப்பீட்டுக்கு வந்திருக்கேன் மேடம்," என்றாள். முப்பது வயது இருக்கும். மார்போடு ஒரு டேப்லெட்டை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. தரை ஈரம், பாத்து வாங்க," என்றேன். உள்ளே போ, விழுந்து கிழுந்து வைத்தால் அதற்கும் மார்க் குறைப்பாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்களுடையது சின்னத் தயிர்க்கூடம். நான், என் தம்பி, அவன் மனைவி, மூன்றே பேர். ஒரே ஒரு பால் காய்ச்சும் தொட்டி. அது நிறைந்தால் தொள்ளாயிரத்து அறுபது கப் தயிர். ஒரு தட்டுக்கு நாற்பது கப், இருபத்துநாலு தட்டு. எட்டு வருடமாக அதே கணக்குத்தான். அதில் தொள்ளாயிரம் கப் தினமும் பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போகிறது. மிச்சம் அறுபது பக்கத்துக் கடைகளுக்கு. ஆகவே எங்கள் வயிறு ஆஸ்பத்திரியை நம்பி இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிதான் போன மாதம் கடிதம் போட்டிருந்தது. பால், உணவு கொடுக்கிற சின்ன நிறுவனங்கள் எல்லாம் இந்த மதிப்பீட்டில் நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டும். வாங்காதவர்களிடம் மறுமதிப்பீடு வரை, அதாவது மூன்று மாதம், கொள்முதல் கிடையாது.

மூன்று மாதம் என்றால் என்ன என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தம்பி முன்னே தொலைதூர லாரி ஓட்டினவன். மாதத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பான். அவனுடைய சின்ன மகள் அவனை 'லாரி மாமா' என்று கூப்பிட்ட அன்றுதான் வேலையை உதறிவிட்டு என்னோடு வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி போனால் அவன் மறுபடி லாரி ஏற வேண்டியதுதான். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒரு வாரமாகச் சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் கேட்காமல் சாப்பிட்டான்.

தம்பி மனைவியை நான் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவேன். கம்ப்யூட்டரை எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று அவள் என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. பழைய மடிக்கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு வாரமாக எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். எந்தப் பண்ணையிலிருந்து எத்தனை லிட்டர் பால், எத்தனை கப், எங்கே போனது என்று எல்லாம் வரிவரியாக இருந்தது. கண் சிவந்து போய் உட்கார்ந்திருப்பாள். "அக்கா, இதுல ஒரு பட்டனைத் தட்டுனா எல்லாம் வந்துரும்," என்பாள். "தட்டாம வராதா?" என்பேன் நான். அவள் சிரிப்பாள். நல்ல பெண். எனக்கு வாய்தான் சரியில்லை.

மதிப்பீட்டுப் பெண் அலுவலக அறையில் உட்கார்ந்தாள். அலுவலக அறை என்றால் குளிர் அறைக் கதவுக்கு எதிரே ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். டேப்லெட்டின் மேல் மூலையில் ஒரு எண் தெரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அது ஏறும், அல்லது ஏறாமல் நிற்கும். நான் அந்த எண்ணை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க தகவல் தொழில்நுட்பப் பிரிவுல எத்தனை பேர்?"

"இவதான்," என்று வாத்தியாரம்மாவைக் காட்டினேன்.

"கடவுச்சொல்லைப் பாதுகாப்பா வச்சிருக்கீங்களா?"

தம்பி மெதுவாக நகர்ந்து குளிர் அறைக் கதவின் முன்னால் நின்றான். கதவில் டேப் போட்டு ஒட்டின சீட்டில் கடவுச்சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு மறந்துபோகும் என்று ஒட்டியது. அவள் எட்டிப் பார்த்தாள், சிரிப்பை அடக்கினாள், எண் ஏறவில்லை.

"வெப்பநிலையில கோளாறு ஏதாவது வந்ததா? வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இந்த வாரமே வந்துச்சு," என்றான் தம்பி. மறைக்கத் தெரியாதவன். "புதன்கிழமை தொட்டியோட ஹீட்டர்ல ஒண்ணு போயிருச்சு. மீட்டர் முள்ளு எண்பத்தஞ்சு டிகிரில மாட்டிக்கிட்டு நின்னதால எங்களுக்குத் தெரியல. வியாழன் காலையில பேனலைத் திறந்தப்பதான் பாத்தேன். பால் சரியாக் காயல. அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, புதன்கிழமைத் தயிர் முழுக்கக் கொட்டுன்னு. கொட்டிட்டு ஹீட்டரை மாத்திட்டேன்."

"அதையும் ஏத்தியிருக்கேன்," என்று வாத்தியாரம்மா திரையைத் திருப்பினாள்.

மதிப்பீட்டுப் பெண் முகம் மலர்ந்தது. "இதை மறைக்கிறவங்கதான் அதிகம். நல்ல விஷயம்," என்றாள். எண் நான்கு ஏறியது. எனக்கு ஜில்லென்று இருந்தது. 

பதினொன்று பத்துக்கு எண் நாற்பத்தெட்டில் நின்றது. பாக்கி இருந்தது ஒரே ஒரு பிரிவு. தடம் கண்டுபிடிப்பது. அதற்கு இருபத்துநாலு மார்க்.

அவள் எழுந்து குளிர் அறைக்குள் போய், மஞ்சள் மூடி போட்ட ஒரு கப்பை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்தாள். "இந்தக் கப்புல ஏதோ கெட்டுப்போச்சுன்னு வச்சுக்குவோம். இது எந்த நாள் தயிர், யார் பண்ணைப் பால், இதோட கூடச் செஞ்சதெல்லாம் இப்ப எங்க இருக்கு, சொல்லணும். முப்பது நிமிஷம் தர்றேன்." போனில் நேரத்தை ஓடவிட்டாள்.

இங்கே மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் தேதி அடிக்கிற இயந்திரம் இல்லை. நாளுக்கு ஒரு நிற மூடி. புதன் நீலம், வியாழன் மஞ்சள், வெள்ளி பச்சை. தயிர் உறைந்து குளிர் அறைக்கு வந்து, மறுநாள் விடியலில் வாத்தியாரம்மா மூடி நிறத்தைப் பார்த்துத் தேதிச் சீட்டு ஒட்டுவாள், எண்ணுவாள், கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது நான்தான். எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், தூரத்திலிருந்தே நாள் தெரியும் என்று எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

வாத்தியாரம்மா விரல் பறந்தது. ஆறே நிமிடம். "வியாழக்கிழமைத் தயிர். ரெண்டு பண்ணைப் பால். ஆயிரம் கப் செஞ்சோம். தொள்ளாயிரம் இன்னைக்குக் காலையில ஏழரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போச்சு. நூறு உள்ளே இருக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பரீட்சையில் முதல் வந்த குழந்தை மாதிரி இருந்தது அவள் முகம்.

"அருமை," என்றாள் மதிப்பீட்டுப் பெண். "ஆறு நிமிஷம். நான் பாத்ததுலயே இதுதான் சீக்கிரம்."

தம்பி என் தோளைத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

புதன்: 920, கொட்டப்பட்டது. அதற்குக் கீழே வியாழன்: 1000.

ஆயிரமா?

எங்கள் தொட்டியில் ஆயிரம் வராது. தலைகீழாக நின்றாலும் வராது. தொள்ளாயிரத்து அறுபதுதான். புதனுக்கு நாற்பது குறைகிறது, வியாழனுக்கு நாற்பது கூடுகிறது. நாற்பது என்றால் ஒரு தட்டு.

அப்போது எனக்கு நினைவு வந்தது. வந்த வேகத்தில் காது அடைத்துப்போனது.

புதன்கிழமை மத்தியானம் கடைசித் தட்டுக்கு நீல மூடி தீர்ந்துவிட்டது. பெட்டியில் கைவிட்டேன், ஒன்றுமில்லை. பக்கத்துப் பெட்டியில் மஞ்சள் இருந்தது. ஒரு தட்டுதானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மஞ்சளை எடுத்து நானே நாற்பது கப்பையும் மூடினேன். சாயங்காலம் குளிர் அறையில் இடமில்லாமல் அந்தத் தட்டை அலமாரியின் கீழ் அடுக்கில் பின்பக்கமாகச் சொருகினேன். மறுநாள் காலை தம்பி ஹீட்டர் போன கதையைச் சொன்னபோது, "நீலமெல்லாம் கொட்டிடு," என்றேன். சரியாக அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. நாளைக்கு மதிப்பீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. தரையைத் துடை, நோட்டை அடுக்கு, தொப்பியைத் துவை என்று பேயாய் அலைந்தேன். மஞ்சள் தட்டு என் மண்டையை விட்டே போய்விட்டது.

தம்பி நீலத்தைக் கொட்டினான். வியாழக்கிழமை மஞ்சள் தட்டுகள் அந்தத் தட்டுக்கு முன்னால் வந்து அடுக்கப்பட்டன. இன்று விடியலில் வாத்தியாரம்மா எல்லா மஞ்சளுக்கும் ஒரே தேதியை ஒட்டினாள். சரியாகக் காயாத பாலில் செய்த நாற்பது கப், ஆயிரத்தோடு ஆயிரமாகக் கலந்துவிட்டது. அதில் தொள்ளாயிரம் கப் நோயாளிகள் வாய்க்குப் போகப் போகிறது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபத்திரண்டு.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். போனை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. டேப்லெட் மூலையைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. அறுபது வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு.

மனசு கணக்குப் போட்டது. மனசு என்று எதற்குச் சொல்ல வேண்டும், நான்தான் போட்டேன். ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு வண்டிகள் சமையலறையை விட்டுக் கிளம்புவது பதினொன்று நாற்பத்தைந்துக்கு. எட்டு வருடமாக எனக்குத் தெரியும். இவள் கையெழுத்து வாங்கிக்கொண்டு பதினொன்று முப்பத்தைந்துக்குப் போய்விடுவாள். வாசலைத் தாண்டினதும் போன் போட்டால் பத்து நிமிடம் தாராளமாக இருக்கிறது. ஏதாவது காரணம் சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒருத்தர் வாயிலும் படாது. தம்பியும் லாரி ஏற வேண்டாம். யாருக்கு என்ன நஷ்டம்?

 பூட்ஸுக்குள் கால் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன். அவளோ ஆற அமரத் தட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு பக்கம்தான் மேடம்," என்றாள். முகவரிக்கு ஸ்பெல்லிங் கேட்டாள். எத்தனை வருடமாக நடத்துகிறீர்கள் என்றாள். நான் எட்டு என்பதற்குப் பதினொன்று என்றேன். தம்பி ஒரு மாதிரி பார்த்தான்.

"எதுக்கு ஸ்பெல்லிங் எல்லாம், ஒரு கிறுக்கல் போட்டுட்டுக் கிளம்புங்களேன்," என்று வந்துவிட்டது வாயில்.

"அக்கா," என்றாள் வாத்தியாரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பரவாயில்ல," என்றாள் மதிப்பீட்டுப் பெண். "எனக்கும் அவசரம்தான். காலையிலேருந்து இது மூணாவது இடம். ஒரு வாய் கூடச் சாப்பிடல."

ஐயோ, அதை ஏன் சொன்னாள். வாத்தியாரம்மாவுக்குப் பசி என்று காதில் விழுந்தால் போதும். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று எழுந்து போய் ஒரு ஸ்பூனைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். மேசை நடுவிலிருந்த கப்பை எடுத்தாள். மஞ்சள் மூடியை உரித்தாள். "எங்க தயிரை நீங்க சாப்பிட்டே பாக்கலையே," என்று அவள் கையில் கொடுத்தாள்.

அந்தக் கப் நாற்பதில் ஒன்றா, நல்லதில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஸ்பூன் உள்ளே போனது. தயிர் வெட்டுப்பட்டு வந்தது, பளபளவென்று, பார்க்க எப்போதும் போல அழகாக. அவள் தலையைக் கொஞ்சம் குனிந்தாள். காதோரத்து முடி முன்னால் விழுந்தது.

நான் கையை வீசினேன். யோசித்து வீசவில்லை. ஸ்பூன் சுவரில் போய் விழுந்தது. கப் கவிழ்ந்து டேப்லெட் மேல் தயிர் ஓடியது.

"சாப்பிடாதீங்க," என்றேன். "அது புதன்கிழமைத் தயிரா இருக்கலாம்."

 தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "புதன்கிழமையதுதான் கொட்டிட்டோமேக்கா."

"நாப்பது கப்புக்கு மஞ்சள் மூடி போட்டேன். நீலம் தீந்துபோச்சு. யார்கிட்டயும் சொல்லல." என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "காலையில போனதுல அதுவும் போயிருக்கலாம்."

வாத்தியாரம்மா திரையைப் பார்த்தாள். தொள்ளாயிரத்து இருபது, ஆயிரம். அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. மதிப்பீட்டுப் பெண் கைக்குட்டையால் டேப்லெட்டைத் துடைத்தாள். போனை எடுத்து நேரத்தை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடவிட்டு மேசைமேல் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "கூப்பிடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையின் மேற்பார்வையாளரை நாங்கள் எண்ணிக்கை சார் என்போம். எதையும் எண்ணாமல் வாங்க மாட்டார். ஒரு கப் குறைந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புவார். எத்தனை நாள் அவரைச் சபித்திருப்பேன். அன்று போன் மூன்று முறை அடித்த பிறகுதான் எடுத்தார். அதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"சார், மஞ்சள் மூடித் தயிர் எதையும் குடுக்காதீங்க. ஒண்ணைக் கூட. பால் சரியாக் காயாத கப் கலந்துருச்சு."

"எத்தனை?"

"நாப்பது. ஆனா எதுன்னு தெரியாது. தொள்ளாயிரத்தையும் நிறுத்துங்க."

 அவர் போனை மேசையில் வைத்துவிட்டு யாரையோ கூப்பிடுவது கேட்டது. பாத்திரச் சத்தம், சக்கரச் சத்தம். பிறகு திரும்பி வந்தார். "வண்டியெல்லாம் இங்கதான் நிக்குது. ஆனா அறுவை சிகிச்சை வார்டு வண்டி போயிருச்சு."

"பதினொன்னே முக்காலுக்குத்தானே சார் போகும்?"

"இந்த வாரத்துலேருந்து அவங்களுக்கு மட்டும் முன்னாடியே. பதினொன்னு இருபத்தஞ்சுக்குப் போச்சு. இருபத்துநாலு கப். ஆள் அனுப்பியிருக்கேன், லைன்லயே இருங்க."

தம்பி அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மிச்சத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும். வாத்தியாரம்மா குளிர் அறைக்குப் போய் உள்ளே இருந்ததை எண்ணினாள். தொண்ணூற்றொன்பது. மேசையில் கவிழ்ந்தது ஒன்று. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பதினொன்று இருபத்தைந்து. நான் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் கழித்து. அப்போதே பேசியிருந்தால் அந்த வண்டி சமையலறையை விட்டே போயிருக்காது. இதை நான் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

மேசைமேல் போனில் எண்கள் ஓடின. நாலு நிமிடம். ஆறு. கடவுளே, எல்லாரும் இன்றைக்குத் தயிர் பிடிக்காதவர்களாக இருக்கக் கூடாதா என்று வேண்டினேன். எட்டு வருடத்தில் அப்படி ஒரு வேண்டுதல் நான் வைத்ததில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் எண்ணிக்கை சார் வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. தானே மாடி ஏறியிருக்கிறார். "இருபத்துமூணு வந்துருச்சு. மூடி பிரிக்காம இருபத்தொண்ணு, பிரிச்சும் தொடாம ரெண்டு. ஒண்ணு காலி."

"யாரு சார்?"

"பதினொன்னாம் பெட். ஒரு அம்மா. நேத்துதான் ஆபரேஷன் ஆச்சு. முதல் தடவையா இன்னைக்குத்தான் வாயால சாப்பிடக் குடுத்தாங்க. டாக்டர்கிட்டச் சொல்லியாச்சு. ஒரு வாரம் கவனிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்களே கூப்பிட்டுச் சொன்னதை நான் குறிச்சு வைக்கிறேன்."

அதற்கு நான் நன்றி கூடச் சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.  

மதிப்பீட்டுப் பெண் சுவரோரத்தில் கிடந்த ஸ்பூனை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நடந்ததை ஒரு சம்பவப் படிவத்துல ஏத்தணும்," என்றாள். வாத்தியாரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் திறந்தாள்.  கடகடவென்று நிரப்பினாள். என்ன பிழை, யாரால், எத்தனை கப், எங்கே.

'பிழை தெரிய வந்த நேரம்' என்ற இடத்தில் 11:31 என்று போட்டாள். 'முதல் அழைப்பு' என்ற இடத்தில் 11:32.

மதிப்பீட்டுப் பெண் அதைப் பார்த்தாள். டேப்லெட்டில் ஏதோ தேடினாள். "தடம் கண்டுபிடிச்சதுக்குப் பாதி மார்க் போயிரும். பதில் தப்பா வந்ததால," என்றாள். "ஆனா மீதிப் பாதி, பிழை தெரிஞ்சா எவ்வளவு சீக்கிரம் தகவல் சொல்றாங்கங்கறதுக்கு. அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா முழு மார்க், அதுக்கு மேலன்னா பாதிதான். நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லியிருக்கீங்க." டேப்லெட்டை எங்கள் பக்கம் திருப்பினாள். மூலையில் அறுபது.

வாத்தியாரம்மாவின் கண்ணில் தண்ணீர் கட்டியது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பிழைச்சோம் அக்கா," என்றாள் மெதுவாக.

இன்னொரு ஐந்து விநாடி நான் பேசாமல் இருந்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். அந்தப் பதினொன்று இருபத்திரண்டு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. எந்தப் பட்டனைத் தட்டினாலும் வராது. பதினொன்றாம் பெட் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. இவள் முகம் எதிரே இருந்ததால் கையை வீசினேன். அந்த அம்மாவின் முகம் எதிரே இல்லாததால் அவரைக் காத்திருக்க வைத்தேன். வித்தியாசம் அவ்வளவுதான். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அந்த நேரம் தப்பு," என்றேன்.

"எது அக்கா?"

"தெரிஞ்சது பதினொன்னு இருபத்திரண்டுக்கு. நீ ஏத்தின ஆயிரத்தைத் திரையில பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. கடிகாரத்தைப் பாத்தேன்."

அவள் என் கையை விட்டாள். பிடுங்கிக்கொள்ளவில்லை, விட்டாள். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மதிப்பீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்தது. பத்து நிமிடமாக நான் அவளை வாசலுக்கு வெளியே தள்ளத் துடித்தது எதற்கு என்று.

"போடும்மா," என்றேன். "இருபத்திரண்டுன்னு போடு."

வாத்தியாரம்மா இரண்டு எண்ணை அழித்தாள், இரண்டு எண்ணை அடித்தாள். மூலையில் எண் ஐம்பத்துநாலுக்கு இறங்கியது. மதிப்பீட்டுப் பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் நின்றாள். "மூணு மாசம் கழிச்சு நானே வருவேன் மேடம்," என்றாள்.  தரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பார்த்துப் போங்கள் என்றேன்.

திங்கட்கிழமை காலை தம்பி லாரி ஏறினான். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, கொஞ்சம் லேசாகியிருப்பேன். பையைத் தூக்கிக்கொண்டு, "மீட்டர் முள்ளைத் தினமும் தட்டிப் பாருக்கா," என்று மட்டும் சொன்னான். சின்னவள் வாசலில் நின்று கையாட்டினாள். வாத்தியாரம்மா உள்ளே போய், பெட்டி பெட்டியாக இருந்த கலர் மூடிகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை போட்டேன், ஞாயிற்றுக்கிழமை போட்டேன். இது மூன்றாவது நாள். எண்ணிக்கை சார்தான் எடுத்தார்.

"காய்ச்சல் இல்ல. வயிறும் சரியா இருக்கு," என்றார். "இன்னும் நாலு நாள் பாக்கணும். பாப்போம்."

"சரி சார்."

"ஒரு விஷயம். அந்த அம்மா அந்தத் தயிர் ஏன் இப்ப வர்றதில்லன்னு தினமும் கேக்குறாங்களாம். ஆபரேஷனுக்கு அப்புறம் வாய்க்கு ருசியாப் பட்டது அது ஒண்ணுதானாம். இன்னொரு கப் கிடைக்குமான்னு கேட்டாங்க. நர்ஸுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, என்கிட்டக் கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் காத்திருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.